மூஞ்சி இல்லாத ரெண்டு பேரும் ஒரு நீல மலையும்

எண்ணெய் வண்ணம் பழகப் போகிறேன் என்று சொன்னால் நம் பக்கத்தில் பார்த்து வரைய முதலில் கையில் கொடுப்பது ரவிவர்மா படமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் சரஸ்வதி, இல்லையென்றால் லட்சுமி. ரவிவர்மா மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சேலை மடிப்பையும் கன்னத்தின் வழவழப்பையும் கொண்டுவருவதற்கே புதிதாகப் பழகுகிறவர் மாதக் கணக்கில் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருப்பார். இந்த இடத்தில் ஏன் இந்த நிறம் என்ற கேள்வி அவருக்கு எழவே எழாது. பட்டு என்றால் பட்டின் நிறம், தோல் என்றால் தோலின் நிறம், அவ்வளவுதான்.

நான் பழகியது வேறொரு படத்தில். ஜெர்மனியைச் சேர்ந்த காப்ரியேலே மியூன்டர் என்ற பெண் ஓவியர் 1909 வாக்கில் வரைந்த ஒரு சின்ன நிலக்காட்சி. ஏறத்தாழ 33 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம்; துணியில்கூட இல்லை, அட்டையில் வரைந்தது. இப்போது மியூனிக்கில் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பச்சைப் புல்சரிவில் இரண்டு பேர் சாய்ந்து கிடக்கிறார்கள், பின்னால் நீல மலை. இருவரும் மியூன்டரின் ஓவிய நண்பர்கள், யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும். படத்தின் பெயரே அவர்கள் பெயர்தான். ஆனால் முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வெறும் வண்ணத் திட்டு. அதனால் நான் அதை ஆள்படம் என்று நினைப்பதில்லை. அந்த இரண்டு பேரும் புல்லையும் மலையையும் போல நிலத்தின் ஒரு பகுதிதான்.

எங்கள் வீடு அம்பாசமுத்திரத்தில். மொட்டைமாடியில் நின்றால் மேற்கே முழுக்க மலை. வேலை முடிந்துவந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே உட்கார்ந்துதான் அந்தப் படத்தை நகலெடுத்தேன். மாடிக்கு வற்றல் காயப்போட வந்த எங்கள் ஆச்சி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏளா, ரெண்டு பேருக்கும் மூஞ்சியக் காணோமே, பாதியில விட்டுட்டியா?” என்றாள். மூலப்படத்திலேயே இல்லை என்று செல்போனில் காட்டினேன். “அவளும் பாதியில விட்டுட்டா போல” என்று சொல்லிவிட்டு வற்றலைப் புரட்டப் போய்விட்டாள்.

மியூன்டரைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் மியூனிக் கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மியூன்டர் தனியார் பள்ளி ஒன்றில் போய்ப் படித்தார். அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி. 1908 கோடையில் இவர்கள் இருவரும் யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினுமாக நான்கு பேரும் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உள்ள முர்நாவ் என்ற சிற்றூருக்குப் போய்த் தங்கி வரைந்தார்கள். அங்கேதான் மியூன்டரின் கை மாறியது. அதற்கு முன் சின்னச் சின்னத் தீற்றல்களாக, வெளிச்சத்தைத் துரத்துகிற பாணி. முர்நாவில் பெரிய பெரிய திட்டுகள், அவற்றைச் சுற்றிக் கருங்கோடு. 1911இல் மியூனிக்கில் உருவான ‘நீலக் குதிரைவீரன்’ குழுவில் அவரும் இருந்தார். எக்ஸ்பிரஷனிஸம் என்று இன்று சொல்லப்படுகிற போக்கில் டிரெஸ்டன் நகரத்தில் 1905இல் கிளம்பியது ஒரு கிளை, இது இன்னொன்று. கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை அப்படியே பதிவதைவிட, பார்த்தபோது மனசில் தட்டியதை நிறத்தாலும் கோட்டாலும் சொல்லவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. நாஜிகள் ஆட்சியில் இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் ‘சீரழிந்த கலை’ என்று பட்டம் கட்டி 1937இல் மியூனிக்கில் கண்காட்சியே நடத்தினார்கள். அந்த வருஷங்களில் காண்டின்ஸ்கியின் படங்களையும் மற்ற நண்பர்களின் படங்களையும் முர்நாவ் வீட்டின் நிலவறையில் ஒளித்துக் காப்பாற்றியவர் மியூன்டர்தான். 1957இல், தன் எண்பதாவது பிறந்தநாளையொட்டி, அவ்வளவையும் மியூனிக் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். காண்டின்ஸ்கியின் துணை என்று ஒரு வரியில் அவரைக் கடந்துபோகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கோணல்மாணலாக இருக்கிற படம்தானே, நகலெடுப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நூறு விவரம் உள்ள படத்தில் நாலு விவரம் பிசகினால் மீதித் தொண்ணூற்றாறு தாங்கிக்கொள்ளும். இங்கே மொத்தமே ஏழெட்டுத் திட்டுகள். மலையின் நீலம் ஒரு சொட்டு கூடினால் மலை முன்னால் வந்து புல்மேல் உட்கார்ந்துவிடும். புல்லின் பச்சை கொஞ்சம் குளிர்ந்தால், அதாவது நீலத்தின் பக்கம் சாய்ந்தால், சரிவு தட்டையாகி ஆட்கள் அந்தரத்தில் மிதப்பார்கள். பழகுகிறவருக்கு அதுதான் லாபம். எது கெட்டது என்று உடனே தெரிந்துவிடும். ஏனென்றால் வேறு எதன் மேலும் பழி போட முடியாது.

எனக்கு வழிகாட்டியவர் ஓவியக் கல்லூரிக்காரர் இல்லை. போர்டு எழுதும் அண்ணாச்சி ஒருவர். ஒரு காலத்தில் தியேட்டர்களுக்குப் பேனரும் கட்அவுட்டும் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு கடைப்பலகை, லாரியில் பெயர் எழுதுவது என்று வண்டி ஓடுகிறது. நான் அச்சடித்துக் கொண்டுபோன படத்தைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை. “ஐம்பதடி கட்அவுட்ல மூக்குக்குப் பக்கத்துல பச்சை அடிச்சாத்தான் கீழ நின்னு பாக்கிறவனுக்கு மூக்கு தெரியும் தாயி. இதும் அந்தக் கணக்குதான்” என்றார். நம்மூர் பேனர்களில் கதாநாயகன் கன்னத்தில் ஊதாவும் நெற்றியில் ஆரஞ்சும் இருந்ததை நாமெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தோம். யாரும் அதை விசித்திரம் என்று சொன்னதில்லை. எக்ஸ்பிரஷனிஸம் நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர்கள் பழைய தியேட்டர் வாசலில் நின்றதில்லை போலிருக்கிறது.

அண்ணாச்சியோடு முதல் சண்டை எனாமலைப் பற்றி. “எனாமல்ல அடிச்சா சாயங்காலமே காஞ்சிரும்லா, எதுக்கு இதக் கட்டிக்கிட்டு அழுறீங்க?” என்று கேட்டார். அந்தத் தாமதம்தான் எண்ணெய் வண்ணத்தின் பலம் என்பதை அவருக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. எனாமலில் முதலில் ஆவியாகிப் போவது அதில் கலந்த கரைப்பான். அது போனதும் மேல்தோல் இறுகிவிடும். எண்ணெய் வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அதுவரை சுரண்டலாம், துடைக்கலாம், பக்கத்து நிறத்தோடு இழைக்கலாம். நகலெடுத்துப் பழகுகிறவருக்கு இந்த அவகாசம் தங்கம்.

எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீட்டு அடுக்களையில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, கை போகும். தேங்காய் எண்ணெய் காயவே காயாது. விளக்கெண்ணெயும் அப்படியே. நல்லெண்ணெய் பாதி காய்ந்து பிசுபிசுவென்று நின்றுவிடும். ஆகவே இவற்றை வண்ணத்தில் கலக்கக் கூடாது. ஆனால் பிரஷ் கழுவ இவை அருமை. வேலை முடிந்ததும் பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, மலிவான சமையல் எண்ணெயில் முக்கிப் பிசைந்து மறுபடி துடைத்தால் வண்ணமெல்லாம் விட்டுவிடும். அப்புறம் துணிச் சோப்பு, தண்ணீர். டர்பன்டைன் செலவும் மிச்சம், அந்த நெடியும் மிச்சம்.

பலகை விஷயம். மியூன்டர் அட்டையில் வரைந்தார் என்பதற்காக நாமும் வெறும் அட்டையை எடுக்கக் கூடாது. எண்ணெய் அட்டைக்குள் இறங்கி நாளடைவில் நொறுங்கச் செய்துவிடும். நான் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய ஹார்டுபோர்டை வாங்கி அளவுக்கு அறுத்துக்கொண்டேன். வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஜெஸ்ஸோவை, அதாவது வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் வெள்ளைப் பூச்சை, மெல்லியதாக, ஒன்று குறுக்கே, அடுத்தது நெடுக்கே என்று மாற்றி மாற்றி அடித்தேன். பின்பக்கமும் ஒரு பூச்சு வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி ஈரத்தில் பலகை வளைந்துவிடும். ஜெஸ்ஸோ காய்ந்தபின் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் எரிந்த சியன்னா என்ற செம்பழுப்பும் மஞ்சள் காவியும் கலந்து அட்டையின் பழுப்பு நிறத்துக்கு ஒரு அடிப்பூச்சு. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் வரலாம், எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் வரக் கூடாது, உரிந்துவிடும்.

இந்தப் பழுப்பு அடிப்பூச்சை அலட்சியம் செய்யவேண்டாம். முர்நாவ் படங்களில் அட்டையின் நிறம் திட்டுகளுக்கு நடுவே அங்கங்கே எட்டிப்பார்க்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் அந்த மெல்லிய பழுப்பு இருப்பதால்தான் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் நிற்கின்றன. வெள்ளைப் பலகையில் அதே நிறங்களை வைத்துப் பார்த்தேன். எல்லாம் உரக்கக் கத்தின. தவிர வெள்ளையின் மேல் வைத்தால் எந்த நிறமும் இருப்பதைவிட இருட்டாகத் தெரியும், அதனால் கை தானாக வெளிறிய நிறங்களை நோக்கிப் போகும்.

அளவு மாற்றத்துக்குக் கட்டம் போடும் பழைய வழிதான். “கட்டம் போட்ருங்க தாயி. கட்டம் போடாம எவனும் பேனர் ஏத்துனதில்ல” என்றார் அண்ணாச்சி. என் பலகை மூலத்தைவிடப் பெரியது, வேண்டுமென்றேதான். நகல் மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது என்பது நல்ல வழக்கம். பெரிய அருங்காட்சியகங்களில் உட்கார்ந்து நகலெடுக்கிறவர்களுக்கே அப்படி விதி வைத்திருக்கிறார்கள். பலகையின் பின்னால் ‘மியூன்டரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, என் பெயரும் வருஷமும் போட்டேன். முன்பக்கம் கையெழுத்து கிடையாது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை. மியூன்டர் இறந்தது 1962. ஜெர்மனியில் 70 ஆண்டு. வீட்டில் பழகுவதற்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை, விற்கிற யோசனை இருந்தால் கணக்குப் பார்க்கவேண்டும்.

இனி முக்கியமான இடம். நகலெடுப்பது என்றால் முடிந்த படத்தைப் பார்த்து முடிந்த படத்தைச் செய்வது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். இடது மூலையில் ஆரம்பித்து வலது மூலைக்கு வந்துசேருவோம். அப்படிச் செய்தால் படம் வரும், பாடம் வராது. ஓவியர் எதை முதலில் வைத்தார், எது ஈரமாக இருந்தபோது எது வந்தது, எதைக் காயவிட்டு வைத்தார் என்ற வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் நகலின் முழுப் பயன் என்று நான் நினைக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கருங்கோட்டிலும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். கோடு வண்ணத்தின் மேலே கிடக்கிறதா, அடியில் கிடக்கிறதா?

வண்ணம் ஈரமாக இருக்கும்போது அதன் மேல் கருங்கோடு இழுத்தால், பிரஷ் அடியில் இருக்கும் நிறத்தையும் அள்ளிக்கொண்டு போகும். கோடு தொடங்கும்போது கறுப்பாகவும் முடியும்போது சாம்பல் பச்சையாகவும் இருக்கும். காய்ந்த வண்ணத்தின் மேல் இழுத்தால் கோடு தெளிவாக, கொஞ்சம் விறைப்பாக நிற்கும். மூன்றாவது வழி, முதலில் கோட்டை டர்பன்டைனில் கரைத்த நீர்த்த வண்ணத்தில் போட்டுக் காயவிட்டு, பிறகு இரண்டு பக்கமிருந்தும் வண்ணத்தைக் கோட்டுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துவது. சில இடத்தில் வண்ணம் கோட்டை மிதிக்கும், சில இடத்தில் எட்டாமல் பழுப்பு தெரியும். அதனால் கோட்டின் கனம் தானாகவே கூடிக் குறையும், உயிரோடு இருக்கும். மூன்று வழியையும் துண்டுப் பலகைகளில் தனித்தனியாகச் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் நகலுக்கு மூன்றாவதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன், கடைசியில் இரண்டொரு இடத்தில் மட்டும் காய்ந்தபின் கோட்டைத் தடிப்பாக்கிக்கொண்டேன்.

இந்தக் கோடு மியூன்டருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கு ஒரு சுவாரசியம் உண்டு. முர்நாவில் கண்ணாடியின் பின்பக்கம் சாமி படம் வரையும் நாட்டுப்புறக் கலை இருந்தது. மியூன்டர் அந்தப் படங்களைச் சேகரித்தார், அங்கே அந்தத் தொழிலை விடாமல் செய்துகொண்டிருந்த ராம்போல்ட் என்ற கைவினைஞரிடம் அதைக் கற்றுக்கொண்டார், பழைய கண்ணாடிப் படங்களை நகலெடுத்துப் பழகினார். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு முறை தெரியும். முன்னால் தெரியவேண்டிய கோட்டை முதலில் போட்டுவிட்டு, அதன் பின்னால் பட்டை பட்டையாக நிறத்தை நிரப்பவேண்டும். திருத்த இடமே இல்லை. அதாவது நான் யாரை நகலெடுத்துக் கற்றுக்கொண்டேனோ அவரும் நகலெடுத்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார், அதுவும் ஊர்க்காரர் ஒருவரிடம். இதைப் படித்ததிலிருந்து காப்பியடிக்கிறோமே என்ற கூச்சம் எனக்குப் போய்விட்டது.

இதே யோசனையோடு திருப்புடைமருதூர் போய்வந்தேன். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் உள்ள நாறும்பூநாதர் கோயில், ராஜகோபுரத்தின் உள்நிலைகளில் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் நிறைந்தது. சின்ன வயசில் யானையையும் குதிரையையும்தான் பார்த்தேன். இந்தமுறை கோடு எது, நிரப்பு எது என்று பார்த்தேன். உருவத்தைக் கோடு தாங்குகிறது, நிறம் தட்டையாக இருக்கிறது, நிழல் போட்டு உருட்டும் வேலை இல்லை. எண்ணெய் வண்ணத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தால் நிழலும் உருட்சியும்தான் ஓவியம் என்று இருந்திருப்பேன்.

வண்ணங்களுக்கு வருகிறேன். பன்னிரண்டு டியூப் பெட்டி வாங்கவேண்டாம். டைட்டானியம் வெள்ளை பெரிய டியூப், லெமன் மஞ்சள், மஞ்சள் காவி, வெர்மிலியன், கிரிம்சன் என்று இரண்டு சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், பிரஷ்யன் நீலம், எரிந்த சியன்னா, எரிந்த அம்பர் என்ற அடர்பழுப்பு. இவ்வளவு போதும். கேமல் வண்ணங்களே பழகத் தாராளம். டியூப் கறுப்பு நான் வாங்கவில்லை. அல்ட்ராமரீனையும் எரிந்த அம்பரையும் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் ஒரு நிறம் வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, அம்பரைக் கூட்டினால் சூடான கறுப்பு. மலையை ஒட்டிய கோட்டுக்கு முதலாவது, ஆட்களை ஒட்டிய கோட்டுக்கு இரண்டாவது.

பிரஷ்யன் நீலத்திடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அரிசி அளவு எடுத்தாலே பலகை முழுக்க அதன் ராஜ்ஜியம்தான். வெள்ளையில் அதைச் சேர்க்கவேண்டுமே தவிர, அதில் வெள்ளையைச் சேர்த்தால் டியூப் தீர்ந்துபோகும். பச்சையை மஞ்சளும் நீலமும் கலந்து எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு துளி வெர்மிலியனோ சியன்னாவோ தொட்டு வைத்தால்தான் அது புல்லாகும். இல்லையென்றால் பிளாஸ்டிக் குடத்தின் பச்சை.

நிறம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி. மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்துச் செல்போனில் கறுப்புவெள்ளையாகப் படமெடுக்கவேண்டும். நீலமும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாக இருந்தாலும் கறுப்புவெள்ளையில் ஒரே சாம்பலாக வரலாம். நிறத்தைக் கலக்கும்போது அது எவ்வளவு இருட்டு என்பதைக் கண் மறந்துவிடுகிறது. என் நகலில் மலை ஏன் பின்னால் போக மறுத்தது என்பது இப்படித்தான் தெரிந்தது. நீலம் சரியான நீலம்தான், ஆனால் இருட்டு அதிகம்.

திரையில் பார்க்கும் நிறத்தையும் அச்சில் வரும் நிறத்தையும் நம்பி உயிரை விடவேண்டாம். திரை வெளிச்சம் விடுகிறது, வண்ணம் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது, இரண்டும் ஒத்துப்போகாது. அதற்கும் மேலே, மூலமே மாறியிருக்கும். வான்கோ 1888இல் வரைந்த படுக்கையறையின் சுவர்கள் ஊதா என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று பார்த்தால் நீலம். அந்த ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது. ஆகவே நிறத்துக்கு நிறம் பொருத்துவதைவிட, இந்த நிறம் பக்கத்து நிறத்தைவிட எவ்வளவு சூடு, எவ்வளவு இருட்டு என்ற உறவைப் பொருத்துவதுதான் நடக்கக்கூடிய காரியம்.

காய்வதைப் பற்றி நம் ஊர்க் கணக்கு தனி. அம்பர், சியன்னா, பிரஷ்யன் நீலம் எல்லாம் சீக்கிரம் காயும். மெல்லிய பூச்சென்றால் ஓரிரு நாளில் தொடலாம். டைட்டானியம் வெள்ளையும் கிரிம்சனும் ஒரு வாரம்கூட இழுக்கும். சித்திரை வெயிலில் மேல்தோல் சட்டென்று இறுகும், உள்ளே ஈரம் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. ஆனி, ஆடியில் மலை தாண்டிவரும் காற்று ஈரப் படத்தின் மேல் ஊர் மண்ணையே கொண்டுவந்து ஒட்டும். முதல் மழைக்குப் பிறகு விளக்குப் போட்டால் ஈசல். அந்த மாதங்களில் நான் படத்தை மாடியில் விடுவதில்லை, பீரோவின் மேல் சுவரைப் பார்த்துச் சாய்த்துவைப்பேன். தட்டில் மிஞ்சிய வண்ணத்தில் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டு மூடிவைத்தால் இன்னும் சில நாள் ஈரமாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு சொட்டுக்கு மேல் விடவேண்டாம்.

அடுக்குகளில் ஒரே விதி. கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் கூடுதல். முதல் பூச்சு டர்பன்டைனில் நீர்மோர் மாதிரி ஓடலாம். அடுத்தது டியூபில் வந்தபடியே. கடைசியில் வேண்டுமானால் லின்சீட் ஆயில் ஒரு துளி. மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் காய்ந்து, அடியில் உள்ளது பிறகு அசைந்து, படம் வெடிக்கும்.

லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. இறுகும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். துணியை விரித்துக் கைப்பிடிச் சுவரில் தனித்தனியாகக் காயப்போடவேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றி மூடியுள்ள டப்பாவில் போடவேண்டும். இதை அண்ணாச்சிக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் பட்டறையில் இப்போது ஒரு பழைய பால்பவுடர் டப்பா அதற்கென்றே இருக்கிறது.

நகல் முடிந்ததும் நேராக மலையை வரையப் போகவில்லை, நடுவில் ஒரு படி வைத்துக்கொண்டேன். அந்த யோசனை வான்கோவிடமிருந்து வந்தது. 1889, 1890இல் அவர் பிரான்ஸில் சான் ரெமி என்ற ஊரில் மருத்துவமனையில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் உழவர் படங்களைக் கறுப்புவெள்ளை அச்சிலிருந்து எடுத்து, நிறத்தைத் தானே தீர்மானித்து வரைந்தார். நானும் மியூன்டர் படத்தைக் கறுப்புவெள்ளையில் அச்சிட்டுக்கொண்டு, அதே திட்டுகளுக்கு எங்கள் மாடியிலிருந்து தெரியும் நிறங்களைப் போட்டேன். புல்சரிவு வயலானது. அப்போதுதான் நாற்றங்கால் பச்சை எவ்வளவு மூர்க்கமானது என்று புரிந்தது. லெமன் மஞ்சளில் பிரஷ்யன் நீலம் பட்டும் படாமல் இருந்தால்தான் அந்தப் பச்சை வருகிறது. சிவப்புத் தொட்டால் செத்துப்போகிறது. முர்நாவ் புல்லுக்குக் கற்ற பாடம் இங்கே செல்லாது. அதே வயல் மாசியில் பிசான நெல் அறுவடைக்கு நிற்கும்போது மஞ்சள் காவியும் வெள்ளையும், அடியில் மங்கிய ஊதாவும்.

மலை இன்னொரு கதை. எங்களுக்கு மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழுகிறது. ஒவ்வொரு மடிப்பும், பாறையும், காட்டின் இருட்டும் தனித்தனியாகத் தெரியும். வரைய உட்கார்ந்தால் விவரத்திலேயே நேரம் போய்விடும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அத்தனை விவரமும் அணைந்து, ஒரே திட்டாக, விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்கும். மியூன்டரின் நீல மலை ஏதோ கற்பனை என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். நாற்பது வருஷமாகப் பார்க்கும் மலை தினமும் அரைமணி நேரம் அப்படித்தான் இருக்கிறது. இப்போது அந்த அரைமணியில்தான் வரைகிறேன். வெளிச்சம் போவதற்குள் முடிக்கவேண்டும் என்பதால் காலையிலேயே நாலு நிறங்களைக் கலந்து தட்டில் வைத்துவிடுவேன்: மலைக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று. மாடியில் போய் நிற்கும்போது கலக்குகிற வேலை இல்லை, வைக்கிற வேலைதான்.

இப்போது கையில் எடுத்திருப்பது தேரிக்காடு. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் கிடக்கும் அந்தச் செம்மணல் 1986இல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போய்விட்டது, ஆனாலும் எங்களுக்கு அது திருநெல்வேலிச் சீமைதான். இரும்புச் சத்து ஏறிய மணல், நடுவில் பனையும் கொல்லாமரமும், அதாவது முந்திரியும். சிவப்புக்கு எதிரே பச்சை என்று எதிர்நிறப் பாடத்தை இயற்கையே எழுதிவைத்த மாதிரி இருக்கும். எரிந்த சியன்னாவில் வெர்மிலியன் சேர்த்தால் வெயில் விழும் மணல் வந்துவிடுகிறது. பனையின் நிழல் விழும் மணல்தான் வரவில்லை. அம்பர் சேர்த்தால் சேறாகிறது, அல்ட்ராமரீன் சேர்த்தால் ஊதாவாகி மணலே இல்லாமல் போகிறது. அண்ணாச்சியிடம் கேட்டேன். “கிரிம்சன்ல கொஞ்சூண்டு பச்சையக் காட்டிப் பாருங்க, நாங்க உதட்டுக்கு அடியில அதத்தான் போடுவோம்” என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டுப் பலகையில் அதைப் பார்க்கவேண்டும்.